முதல் ஆண்டில் குழந்தையின் வளர்ச்சிச் சிக்கலைக் கண்டுகொள்வது: எதை முதலில் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்களிடம் வருகிற பெற்றோர் பலரும் ஏதோ ஒன்றை எப்போதோ கவனித்திருப்பார்கள். ஆனால் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று சொல்லும் வளர்ச்சி அட்டவணைக்கு நேராகப் போயிருப்பார்கள்: "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் குப்புற விழல." அங்கே தொடங்கினால் கிடைப்பது வீண் பயம், இல்லையென்றால் வீண் நிம்மதி. அட்டவணையைக் கையில் எடுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை வரிசைப்படி சொல்கிறேன்.

பிறந்தது முதல் சுமார் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு இது பொருந்தும். வீட்டில் செய்யும் கவனிப்பு நோயின் பெயரைச் சொல்லாது. யாரிடம், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதைச் சொல்லும்.

1. முதலில், காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போது மருத்துவரைப் பாருங்கள்.

செய்துகொண்டிருந்ததைக் குழந்தை நிறுத்திவிட்டால். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை இப்போது சிரிப்பதில்லை, தலை நின்ற குழந்தைக்குத் தலை தொங்குகிறது, "பா பா" என்று சத்தம் எழுப்பியது அடங்கிவிட்டது என்றால், எந்த வயதாக இருந்தாலும் அது அவசரம். தாமதம் வேறு, இழப்பு வேறு. தாய்க்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை இப்படிப் பின்னோக்கிப் போவதுண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அதனால்தான் நாள் கடத்தக் கூடாது.

தூக்கம் கலையும் நேரத்தில் அடுக்கடுக்காக வரும் குலுக்கல். தலை சட்டென்று கவிழும், கைகள் விரியும் அல்லது மடங்கும். ஒன்றிரண்டு நொடிதான். சில நொடி விட்டு மறுபடி வரும். இது பெரும்பாலும் 3 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கும் ஒரு வகை வலிப்பு. வயிற்று வலி என்றோ, திடுக்கிடுகிறது என்றோ நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சாதாரணத் திடுக்கிடலுக்கு ஒரு சத்தமோ அசைவோ காரணமாக இருக்கும். ஒரு முறை வந்து போய்விடும். காரணமே இல்லாமல் வரிசையாக வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புங்கள்.

கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவதும் இதில் சேரும். கேமரா பிடித்த கோணத்தால்கூட அப்படித் தெரியலாம். ஆனால் கண்புரையோ கண்ணுக்குள் கட்டியோ இல்லை என்று சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர்.

2. வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

37 வாரம் முடியும் முன் பிறந்த குழந்தைக்கு வயதை இரண்டு விதமாக எண்ணலாம். ஒன்று பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றது திருத்திய வயது: எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு எண்ணுவது. வளர்ச்சியைப் பார்க்க இரண்டாவதுதான் வேண்டும். மூளை முதிர்வது கருவான நாளை ஒட்டி, பிறந்த நாளை ஒட்டி அல்ல.

உதாரணமாக, 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம். 40-லிருந்து 32 போனால் 8 வாரம், கிட்டத்தட்ட இரண்டு மாதம். ஆகவே இந்தக் குழந்தையிடம் நான்கு மாதக் குழந்தையின் செயல்களைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இன்னும் உட்காரவில்லையே என்ற கவலைக்கு இங்கே இடமே இல்லை.

இதில் மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். 40-லிருந்து கழிக்காமல் 37-லிருந்து கழிப்பது ஒன்று. தடுப்பூசிக்கும் திருத்திய வயதைப் பயன்படுத்துவது இன்னொன்று. தடுப்பூசியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணித்தான் போடுவார்கள். மூன்றாவதுதான் மோசமானது: "குறைமாசம்தானே, மெதுவா வரும்" என்று கணக்கே போடாமல் எல்லாத் தாமதத்தையும் அதன் தலையில் கட்டிவிடுவது. திருத்திய வயதுக்கும் பின்தங்கினால் அது தாமதமேதான். இரண்டு வயதுக்குப் பிறகு பொதுவாக இந்தத் திருத்தம் செய்வதில்லை.

3. பிறந்தபோது கொடுத்த காகிதங்களைத் தேடி எடுங்கள்

மருத்துவமனையிலிருந்து வரும்போது கொடுத்த சுருக்க அறிக்கை எங்கோ ஒரு கோப்புக்குள் இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை: எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, பிறந்தவுடன் அழுததா, வலிப்பு வந்ததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள், மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியது, மூளைக்காய்ச்சல் ஏதும் வந்ததா.

ஏன் இது அட்டவணைக்கு முன்னால்? ஒரே அறிகுறிக்கு ஒவ்வொரு குழந்தையிடமும் ஒவ்வொரு அர்த்தம். நிறைமாதத்தில் சிக்கலின்றிப் பிறந்த குழந்தை ஒரு வேலையில் சில வாரம் பிந்தினால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். 1,500 கிராமுக்குக் கீழ் பிறந்த குழந்தையோ, பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தையோ அதே அளவு பிந்தினால் காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் குழந்தைகள், வீட்டில் எதுவும் தப்பாகத் தெரியாவிட்டாலும், முறையான தொடர் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காகிதங்களில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். தைராய்டு ஒன்று. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவாக உள்ள குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். குதிகாலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. "எடுத்தாங்க" என்பது போதாது, முடிவு என்ன என்று தெரிய வேண்டும். தலைச் சுற்றளவு மற்றொன்று. பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. என்று கூடும். ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த அளவுகளைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால் வரும் கோடு தன் பாதையை விட்டு மேலேயோ கீழேயோ விலகுகிறதா என்பதே கேள்வி.

4. காதும் கண்ணும் தெளிவாகும் வரை மற்றதைத் தீர்மானிக்காதீர்கள்

கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் கவனம் இல்லாத குழந்தை என்று நினைக்கிறோம். பொம்மையை எட்டிப் பிடிக்காத குழந்தையைக் கையில் பலம் இல்லாதது என்று நினைக்கிறோம். கேட்கவில்லை, தெரியவில்லை என்பதே உண்மையான காரணமாக இருந்துவிட்டால் அடுத்த ஆறு மாதம் தவறான பயிற்சியில் போய்விடும்.

காதுக்கு ஒரு எளிய காலக்கெடு உண்டு: 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதல்நிலைப் பரிசோதனை, அதில் தேறாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, குறை உறுதியானால் ஆறு மாதத்துக்குள் கேட்கும் கருவியும் பயிற்சியும்.

வீட்டில் கை தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. தட்டும்போது கை அசைவது கண்ணில் படும், காற்று முகத்தில் படும், கதவைச் சாத்தினால் அதிர்வு தரை வழியே போய்ச் சேரும். காது கேட்காத குழந்தையும் திரும்பும். "வாய் ஓயாம சத்தம் போடுதே, காது கேட்காமலா?" என்று கேட்பார்கள். காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் "ங்கா" சொல்லும். "பாபாபா", "தததா" என்று எழுத்துகளை அடுக்கும் மழலைதான் அதற்கு வராது, அல்லது மிகவும் பிந்தி வரும். பத்து, பதினொரு மாதம் ஆகியும் அந்த அடுக்கு மழலை வரவில்லை என்றால், பிறந்தபோது தேறியிருந்தாலும், காதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனையிலும் இரண்டு வகை. காதுக்குள்ளிருந்து வரும் எதிரொலியைப் பதிவது ஒன்று. செவி நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறதா என்று தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பது இன்னொன்று. முதல் வகையில் தேறிய குழந்தைக்கும் நரம்பில் குறை இருக்கக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு இரண்டாவது வகையைக் கேட்டுச் செய்யுங்கள். மூளைக்காய்ச்சல் வந்துபோன குழந்தைக்குக் காதைத் தாமதமின்றிப் பார்த்தாக வேண்டும்.

கண்ணுக்கு: இரண்டு மாதத்தில் உங்கள் முகத்தில் பார்வை நிலைக்க வேண்டும், மூன்று மாதத்தில் நகரும் முகத்தைத் தொடர வேண்டும். முகத்தைக் காட்டும்போது பேசாதீர்கள். குரலைக் கேட்டுத் திரும்புவதைப் பார்வை என்று எண்ணிவிடுவோம். எப்போதாவது மாறுகண்போல் தெரிவது முதல் மூன்று, நான்கு மாதங்களில் சகஜம்; எப்போதும் மாறியே இருந்தால் எந்த வயதிலும் காட்ட வேண்டும்.

5. பார்க்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பசியோடு இருக்கும் குழந்தையும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையும் எதையும் காட்டாது. பால் குடித்து முக்கால் மணி நேரம் கழித்து, நன்றாக விழித்திருக்கும்போது பாருங்கள். உடையைக் குறைத்து, கொஞ்சம் கெட்டியான விரிப்பில் தரையில் விடுங்கள். மெத்தையில் கை கால் அமிழ்ந்துவிடும். புரளத் தெரிந்த குழந்தைகூட அங்கே புரளாது.

பத்து நிமிடம் போதும். ஒரு வாரத்தில் மூன்று தடவை பாருங்கள். ஒரு நாள் செய்யாததை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஒரே நாள் தற்செயலாகச் செய்ததை வைத்து நிம்மதியடையவும் கூடாது. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது போன்ற சோதனைகள் வேண்டாம். அவற்றை மருத்துவர் செய்யட்டும். உங்கள் வேலை தானாகச் செய்வதைப் பார்ப்பது.

6. இப்போதுதான் அட்டவணை

எந்த அட்டவணை என்பதும் முக்கியம். பழைய அட்டவணைகள் பலவற்றில் ஒரு வயதுக்கு எதிரே எழுதியிருப்பது, அந்த வயதில் பாதிக் குழந்தைகள் செய்வது. அப்படியானால் மீதிப் பாதி செய்யாது, அதில் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் பட்டியலைத் திருத்தியபோது 75 சதவீதமோ அதற்கு மேலோ குழந்தைகள் செய்வதை மட்டும் வைத்தது. அதில் ஒன்று வரவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்க அது போதுமான காரணம். தவழ்வதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

2 மாதம்: நீங்கள் பேசினால் சிரிக்கும், முகத்தைப் பார்க்கும், பெரிய சத்தத்துக்கு அசைவு காட்டும். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் காட்டுங்கள்.

4 மாதம்: தூக்கி வைத்தால் தலை ஆடாமல் நிற்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், உங்களை ஈர்க்கத் தானே சத்தம் எழுப்பும்.

6 மாதம்: வேண்டிய பொருளை எட்டிப் பிடிக்கும், வாய்விட்டுச் சிரிக்கும், குப்புறக் கிடந்தால் மல்லாக்கப் புரளும்.

9 மாதம்: பிடிமானம் இல்லாமல் உட்காரும், பொருளைக் கை மாற்றும், பெயர் சொன்னால் பார்க்கும், அடுக்கு மழலை பேசும், முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கில் தனியாக உட்காரும் இயல்பான காலம் 3.8 முதல் 9.2 மாதம் வரை. அந்த எல்லைக்குப் பிறகும் உட்காரவில்லை என்றால் காத்திருப்பதில் பொருள் இல்லை.

12 மாதம்: எதையாவது பிடித்து எழுந்து நிற்கும், சின்னப் பொருளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கும், டாட்டா காட்டும், "வேண்டாம்" என்றால் ஒரு கணமாவது நிற்கும். நடக்காவிட்டால் கவலை இல்லை; அதே கணக்கில் தனியாக நடக்கும் காலம் 8.2 முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. பலரும் நடையைப் பற்றிக் கவலைப்பட்டு, டாட்டா காட்டாததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு வயதில் சைகை எதுவும் இல்லாதது, நடக்காததைவிட என்னை அதிகம் யோசிக்க வைக்கும்.

7. எப்போது என்பதோடு நிற்காமல், எப்படிச் செய்கிறது என்று பாருங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அட்டவணையில் எல்லாம் சரி என்று குறி போட்டிருப்பார்கள், குழந்தை வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு பக்கம். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இடது கைப் பழக்கமோ வலது கைப் பழக்கமோ வந்திருக்காது. எப்போதும் ஒரே கையை நீட்டுகிறது என்றால், மறு கையில் ஏதோ சிரமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டும் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு பொம்மையை மறுபக்கம் காட்டுங்கள். அந்தக் கை வருகிறதா, விரல் திறக்கிறதா? "இப்பவே வலது கைப் பழக்கம் வந்துடுச்சு" என்று ஒரு தாய் பெருமையாகச் சொன்னபோது, அந்தக் குழந்தையின் இடது கட்டைவிரல் முஷ்டிக்குள் மடங்கியே இருந்ததைப் பார்த்தேன். ஏழு மாதக் குழந்தை அது.

முஷ்டி. பிறந்த குழந்தை கையை மூடித்தான் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான நேரம் திறந்திருக்க வேண்டும்.

விறைப்பு. டயபர் மாற்றக் கால்களை விரிக்க முடியவில்லை, தூக்கினால் கால்கள் கத்தரிபோல் குறுக்கே போகின்றன, முதுகு வில்லாக வளைகிறது. இந்தக் குழந்தை சிலசமயம் மூன்று மாதத்துக்கு முன்பே புரண்டுவிடும், வீடே கொண்டாடும். உடல் கட்டைபோல் ஒன்றாகத் திரும்பினால் அது திறமை அல்ல, விறைப்பு உருட்டிவிட்டது. இயல்பாகப் புரளும்போது தலை, தோள், இடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கிக்கொண்டு வரும்.

தளர்ச்சி. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும், மல்லாக்கப் போட்டால் தவளைபோல் கால் விரிந்து கிடக்கும். இப்படிப்பட்ட குழந்தைகளை "ரொம்ப சமத்து, அழவே அழாது" என்பார்கள்.

பால் குடிப்பதையும் இங்கேயே சேர்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல் இழுப்பது, அடிக்கடி புரையேறுவது, உறிஞ்சிக் களைத்துத் தூங்கிவிடுவது ஆகியவை வாய்த் தசையில் சிரமம் இருப்பதைக் காட்டலாம்.

8. வீடியோவும் தேதியும்

மருத்துவர் அறையில் குழந்தை அழும் அல்லது தூங்கும். நீங்கள் வீட்டில் பார்த்தது அங்கே நடக்காது. அதனால் வீடியோ.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கை கால் முழுவதும் தெரியும்படி மேலிருந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுங்கள். சூப்பான் வேண்டாம், பொம்மை வேண்டாம், பேசவும் வேண்டாம். பலரும் கொஞ்சிக்கொண்டே எடுப்பார்கள். குழந்தை அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுவதுதான் பதிவாகும், அதன் சொந்த அசைவு பதிவாகாது. திருத்திய வயதில் சுமார் 9 முதல் 20 வாரம் வரை இயல்பான குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓயாமல் ஓடும். மூளை முடக்குவாதத்தை, அதாவது செரிப்ரல் பால்சியை, ஐந்து மாதத்துக்குள் கண்டுகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் பார்ப்பவற்றில் இந்த அசைவும் ஒன்று. அவர்கள் கேட்பதும் இப்படி எடுத்த வீடியோவைத்தான். அந்த வாரங்கள் போய்விட்டால் திரும்பி வராது, ஆகவே பிறப்பில் சிக்கல் இருந்த குழந்தைக்கு இப்போதே எடுத்து வையுங்கள்.

கூடவே ஒரு தாளில் தேதி போட்டு எழுதுங்கள். "சரியா உட்காரல" என்பது உதவாது. "திருத்திய வயது 8 மாதம், முன்னால் கை ஊன்றி பத்து நொடி உட்காரும், பிறகு எப்போதும் இடப்பக்கமே சாயும்" என்றால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

9. மருத்துவரிடம் என்ன கேட்பது

"எல்லாம் நல்லா இருக்கா டாக்டர்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எழுதியதைப் படியுங்கள், வீடியோவைக் காட்டுங்கள். அப்புறம் "முறையான வளர்ச்சிப் பரிசோதனை செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். பெற்றோர் நிரப்பும் வினாத்தாள்கள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 9, 18, 30 மாதங்களில், கவலை ஏதும் இல்லாத குழந்தைக்கும், இப்படிச் செய்யச் சொல்கிறது. கவலை இருந்தால் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வினாத்தாளில் மதிப்பெண் குறைந்தால் நோய் என்று பொருள் இல்லை, விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளாமல் அன்றிரவே இணையத்தில் தேடித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம், சிலசமயம் அது சரியான பதில்தான். ஆனால் இரண்டு கேள்வி கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்: எந்தத் தேதி வரை பொறுக்க வேண்டும்? அதற்குள் என்ன வர வேண்டும்? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் வேறொருவரையும் பாருங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "வீட்டில் ரெண்டு மொழி பேசுறதால குழம்புது" போன்ற ஆறுதல்களை ஏற்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை.

10. பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம்

பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, ஒரு நாளில் பல தடவை சில நிமிடங்கள் குப்புறப் போடுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். முகத்துக்கு நேராக இரண்டு சாண் தூரத்தில் பேசுங்கள், அது சத்தம் எழுப்பினால் பதிலுக்கு அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பேசிக்கொண்டே போனால் அதன் முறை வராது.

நடைவண்டியில் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். உள்ளே உட்கார்ந்து உந்திப் போகும் அந்த வண்டி நடக்கக் கற்றுத் தராது, கவிழ்ந்தால் காயம்தான். செல்போனும் டிவியும் ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

நான்கு வாரம் கழித்து, அதே விரிப்பில், அதே கோணத்தில் இன்னொரு வீடியோ எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். புதிதாக ஒன்றுமே இல்லை என்றால், கொடுத்திருக்கும் தேதி வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்து, அதைவிடச் சீக்கிரமான தேதி தரச் சொல்லுங்கள்.